நினைவும் இலக்கணமும்: கிரேக்கக் குழந்தைகள் எழுப்பும் வினா

சொல்லிக்கொடுத்ததைத் திருப்பிச் சொல்லமாட்டாத பிள்ளையை 'ஞாபகசக்தி இல்லாதது' என ஒதுக்கிவிடுவது நம்மிடையே எளிதாக நிகழ்வது. நன்னூற் சூத்திரங்களை நெட்டுருப் பண்ணி வளர்ந்த எனக்கு, மனனத்துக்கும் இலக்கண அறிவுக்கும் உள்ள உறவு யாது என்னும் வினா நெடுநாளாகவே உண்டு. மொழியியல் பயிலத் தொடங்கிய பின், கிரேக்க மொழி பேசும் குழந்தைகள் சிலரைப் பற்றிய ஆய்வுகள் அவ்வினாவைக் கூர்மைப்படுத்தின.

இக்குழந்தைகளுக்குச் செவிப்புலனிற் குறையில்லை. பொது அறிவுத்திறனும் குன்றவில்லை. ஆயினும் தாய்மொழி இவர்களுக்கு எளிதில் வசப்படுவதில்லை. முன்னர் 'குறித்த மொழிக் குறைபாடு' எனப்பட்ட இந்நிலை, 2017இல் அறிஞர் பலர் எட்டிய இணக்கத்தின் பின் 'விருத்திசார் மொழிக் குறைபாடு' எனப் பெரிதும் வழங்குகின்றது. அமெரிக்காவிற் பாலர் வகுப்புப் பிள்ளைகளிடையே நிகழ்த்தப்பெற்று 1997இல் வெளியான ஆய்வொன்று, ஏறக்குறைய 7 வீதத்தினரிடம் இதனைக் கண்டது.

கிரேக்கத்தில் 'வ்லேபோ' என்றால் 'பார்க்கிறேன்'. தமிழிற்போல வினைவிகுதியே எழுவாயை உணர்த்திவிடும். ஆனால் 'பிள்ளையைப் பார்க்கிறாயா?' என்ற வினாவுக்கு நாம் 'பார்க்கிறேன்' என்று மட்டும் விடையிறுப்பதுபோற் கிரேக்கர் விடையிறுத்தல் ஆகாது. 'தோ வ்லேபோ' என, 'அதை' என்னும் பொருள்படும் சிறுசொல்லை வினைக்கு முன் நிறுத்தவேண்டும். 'தோ பேதி', அதாவது 'அந்தக் குறித்த பிள்ளை' என்னுமிடத்துப் பெயருக்கு முன் நிற்பதும் அதே ஒலியுடைய 'தோ' தான். சிம்ப்லி, ஸ்ரவ்ரகாகி ஆகியோர் 1999இல் வெளியிட்ட ஆய்வில், குறைபாடுடைய ஒரு குழந்தையின் பேச்சில் இவ்விருவகைச் சொற்களும் பெரும்பாலும் விடுபட்டிருந்தன. 'என்னை' எனப் பொருள்படும் 'மே' போன்றவையோ ஒப்பீட்டளவில் நன்கு பயின்றன. 'மே'யும் 'தோ'வைப் போல் ஓரசைச் சொல்லே. ஆகவே ஒலியின் நொய்மை ஒன்றே காரணமென்று கொள்ளுதல் அரிது. இலக்கணத்தின் ஒரு பகுதியே ஊறுபட்டுள்ளது என்பது அவ்வாய்வாளர் கருத்து. பின்வந்த ஆய்வுகள் எல்லாக் குழந்தைகளிடமும் இக்குறை ஒரே அளவில் இல்லையெனக் காட்டியுள்ளன என்பதையும் கூறல் வேண்டும்.

மறுபுறம், குறை நினைவைச் சார்ந்தது என்போரும் உளர். படெலி, ஹிச் ஆகியோர் 1974இல் வகுத்த 'செயல்நினைவு' என்னும் கொள்கையில், கேட்ட ஒலியைச் சில கணங்கள் ஏந்திவைக்கும் பகுதிக்கு இடமுண்டு. கதர்கோலும் படெலியும் 1990இல், மொழிக் குறைபாடுடைய குழந்தைகள் பொருளற்ற நெடுஞ்சொற்களைத் திருப்பிச் சொல்வதிற் பெரிதும் இடர்ப்படுவதைக் காட்டி, அவ்வொலிநினைவின் நலிவே மொழிக்குறைக்கு மூலமாகலாம் என்றனர்.

இவற்றுள் எது காரணம், எது காரியம்? வாக்கியத்தைத் திருப்பிச் சொல்லும் சோதனை இச்சிக்கலை நன்கு விளக்குகின்றது. நீண்ட வாக்கியத்தைக் கேட்பவன் ஒலிகளை அப்படியே சேமித்துத் திருப்பித் தருவதில்லை. பொருளையும் அமைப்பையும் பற்றிக்கொண்டு வாக்கியத்தை மீளக் கட்டுகிறான். இடையில் ஒரு 'தோ' விழுந்துபோனால், அதனை ஏந்த நினைவு தவறியிருக்கலாம். அதற்குரிய இடமே அக்குழந்தையின் இலக்கணத்தில் உறுதிப்படாமலும் இருக்கலாம். நினைவு இலக்கணத்தை வளர்க்கின்றது. இலக்கணம் நினைவைத் தாங்குகின்றது. இரண்டையும் தனித்தனியே அளந்தாலன்றி ஒரு குழந்தைக்குத் தேவையான துணை எதுவென்று அறிதல் இயலாது.

கலைப்பீடத்திலிருந்து வெளியேறும் நம்மிற் பலர் நாளை ஆசிரியர்களாகவே போகிறோம். நம் வகுப்பிலும் சொன்னதைத் திருப்பிச் சொல்ல முடியாது தலைகுனிந்து நிற்கும் பிள்ளை இருக்கும். அதனை 'மந்தம்' என்றோ 'சோம்பல்' என்றோ தீர்ப்பிடுமுன், அது எதை விட்டுவிடுகிறது, எதை விடாது சொல்கிறது என்று ஒருகணம் செவிகொடுத்துக் கேட்போமாக. அப்பிள்ளையின் குறையைப் போலவே அதன் திறனும் அங்கேதான் வெளிப்படும்.