சிலிப்பர் கட்டை

அச்சுவேலிக்குப் புகையிரதம் வந்ததில்லை. ஆயினும் அவ்வூர் வீடொன்றின் கிணற்றடியிற் சிலிப்பர் கட்டையொன்று கிடக்கின்றது. வீட்டுக்காரராகிய முதியவர் மாலை வேளைகளில் அதன்மீது அமர்வது வழக்கம். 1990 யூனில் வடபகுதிப் புகையிரத சேவை நின்றபின் தண்டவாளங்களும் கட்டைகளும் பெயர்க்கப்பட்டுப் பதுங்குகுழிகளுக்குப் பயன்பட்டன. அவ்வாறு வந்ததே இது. அதன் கீழிருந்துதான் அவர் குடும்பம் உயிர்தப்பியது. 1995 ஒக்ரோபரில் வலிகாமம் வெறுமையுற்றபோது அவர்களும் தென்மராட்சிக்குப் பெயர்ந்தனர். மறு ஆண்டு திரும்பியபோது குழி தூர்ந்திருந்தது, கட்டை எஞ்சியிருந்தது.

பொறியியல் கற்கும் பேரன் விடுமுறையொன்றில் அதனைப் பார்த்துச் சொன்னான்: "அம்மப்பா, தண்டவாளத்தைத் தாங்கிறது மட்டுமில்லை இதின்ர வேலை. பக்கவாட்டில ஓடாமல் பிடிச்சு வைச்சிருக்கிறதும்தான்."

அவன் விளக்கிய கணக்கு எளியது. ஒரு கிலோமீற்றர் நீளமான தண்டவாளம், வெப்பநிலை 30 பாகை செல்சியசால் உயரின், ஏறத்தாழ 35 சென்ரிமீற்றர் நீள முற்படும். இடைவெளியின்றி ஒட்டி இணைக்கப்பட்ட தண்டவாளத்தில் அதற்கு இடமில்லை. ஆகவே உருக்கினுள் ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றருக்கும் ஏறக்குறைய முக்கால் தொன் அமுக்கம் ஏறுகின்றது. பக்கவாட்டில் வழி கிடைப்பின் பாதை பாம்பென நெளிந்துவிடும். அதனைத் தடுப்பன கட்டையின் அடியிலும் பக்கங்களிலும் தலைப்பிலும் நெருங்கிக் கிடக்கும் கருங்கற் சல்லிகளே.

மரக்கட்டையின் அடிப்புறத்திற் கற்கள் பதிந்து பற்றிக்கொள்ளும். கிணற்றடிக் கட்டையைப் புரட்டியபோது அத்தழும்புகள் இன்னும் இருந்தன. கொங்கிறீற்றுக் கட்டையில் அவ்வாறு கல் பதியாது. அதன் வலிமை எடையே. அகலப் பாதைக்குரியது 250 கிலோகிராமுக்கு மேற்பட்டது. மரக்கட்டையின் ஏறத்தாழ மும்மடங்கு. எடை மாத்திரம் போதாதெனக் கண்ட பொறியியலாளர் அடிப்புறத்தைச் சொரசொரப்பாக்கினர்; பக்கங்களிற் சிறகுகள் அமைத்தனர். பிரான்சில் ஒரு கட்டையை இரு துண்டங்களாக்கி உருக்குச் சட்டத்தால் இணைத்தனர். அதனாற் சல்லியை எதிர்த்து நிற்கும் தலைப்புகள் இரட்டித்தன.

1905 இல் கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்தை அடைந்த பாதை, 2014 ஒக்ரோபர் 13 இல், இந்திய நிறுவனமான இர்கோன் இட்ட கொங்கிறீற்றுக் கட்டைகளின்மீது யாழ்ப்பாணத்தை மீண்டும் அடைந்தது. பின்னொரு நாள் அதிற் பயணஞ்செய்த முதியவர், வண்டி ஓரிடத்தில் மெல்ல ஊர்ந்தமைக்குக் காரணம் வினவினார். கிளறிச் செப்பனிட்ட சல்லி தன் பிடிப்பிற் பெரும்பகுதியை இழந்துவிடும் என்றும், வண்டிகள் பல ஓடி அது இறுகும்வரை வேகம் கூடாதென்றும் பேரன் கூறினான்.

"நாங்களும் திரும்பி வந்த புதிசில அப்பிடித்தான் இருந்தனாங்கள்" என்றார் அவர்.

சிறிது நேரங்கழித்து, அக்கட்டையைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமோ என்று கேட்டார். பாதை இருபத்துநான்கு ஆண்டுகள் இல்லாதுபோனதில் தமக்கும் ஒரு கட்டையளவு பங்குண்டு என்பது அவர் எண்ணம். புதிய பாதைக்கு அது பொருந்தாதென்று பேரன் சொன்னான். அவர் அமைதியடைந்தாரல்லர். அன்று மாலை கிணற்றடியில், கட்டையின்மீதன்றி, அதன் அருகே நிலத்தில் அமர்ந்திருந்தார்.