ஸ்டாண்ட் அலோன் என்றால் என்ன?

இந்தச் சொல் எனக்கு முதலில் அறிமுகமானது பி.காம். கணக்கியல் வகுப்பில். கம்பெனிகளின் காலாண்டு முடிவுகளில் இரண்டு விதக் கணக்கு வரும். துணை நிறுவனங்களையும் சேர்த்துப் போட்டால் கன்சாலிடேட்டட். கம்பெனியின் சொந்தக் கணக்கு மட்டும் என்றால் ஸ்டாண்ட் அலோன். அதே சொல் கம்ப்யூட்டர் பாடத்திலும் வந்தது. "இன்டர்நெட் இல்லாத கம்ப்யூட்டர்" என்று பரீட்சையில் எழுதினேன். பாதி மார்க்தான் கிடைத்தது.

மீதிப் பாதியை எங்கள் ஊரில் கற்றுக்கொண்டேன்.

எங்கள் ஊர் பழவேற்காடு பக்கம் லைட்ஹவுஸ் குப்பம். அப்பா ஃபைபர் படகில் கடலுக்குப் போகிறவர். படகில் கையடக்கமான ஜிபிஎஸ் கருவி ஒன்று உண்டு. கரையை விட்டுத் தூரம் போனால் செல்போனில் டவர் இருக்காது, ஆன்லைன் மேப்பும் வராது. ஜிபிஎஸ் மட்டும் வேலை செய்யும். சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களில் குறைந்தது நான்கின் சிக்னலை வாங்கி, தான் இருக்கும் இடத்தை அதுவே கணக்குப் போட்டுக்கொள்கிறது. யாருக்கும் எதையும் அனுப்புவதில்லை. லாகின், பாஸ்வேர்டு ஒன்றும் வேண்டாம்.

ஆக, வெளியிலிருந்து எதுவுமே வாங்காதது என்று அர்த்தமில்லை. தன் வேலையை முடிக்க இன்னொரு கம்ப்யூட்டரை நம்பியிராதது என்றுதான் அர்த்தம். நம் வாக்குப்பதிவு இயந்திரமும் அப்படித்தான். 1982-ல் கேரளத்தின் பரவூரில் முதன்முதலாகப் பயன்பட்ட அது, இன்றும் எந்த நெட்வொர்க்கிலும் இணைக்கப்படுவதில்லை. ஒரே கம்ப்யூட்டரில் போட்டு வைத்த டேலியும் இந்த ரகம்தான். நெட் போனாலும் வவுச்சர் போடலாம்.

கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு.

இரண்டு வருடம் முன்பு, கரை சேரும் நேரத்தில் அலை அப்பாவின் படகைக் கவிழ்த்துவிட்டது. ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஜிபிஎஸ் போய்விட்டது. புதிது வாங்கிய பிறகும் அப்பா முகம் தெளியவில்லை.

"அதான் வாங்கியாச்சே, அப்புறம் என்னப்பா?"

"மெஷின் வாங்கிக்கலாம். பாயிண்ட்டை எங்கடா வாங்குறது?"

எந்த இடத்தில் பாறை வலையைக் கிழிக்கும், எந்த மாதம் எங்கே மீன் படும் என்று எட்டு வருடமாக அவர் குறித்து வைத்த பாயிண்ட்டுகள் அந்தக் கருவிக்குள் மட்டுமே இருந்தன. பாயிண்ட்டை அவர் பக்கத்துப் படகுக்காரருக்குக்கூடச் சொல்லமாட்டார். அது வேறு எங்கும் போகாது என்பதால்தான் அந்தக் கருவியை அவ்வளவு நம்பினார். வேறு எங்கும் போகாததால்தான் அதோடு சேர்ந்து அவையும் மூழ்கின.

இப்போது புதுப் பாயிண்ட் கிடைத்த நாளில் அப்பா எண்களைப் படிக்க, நான் ஒரு நோட்டில் எழுதுகிறேன். நோட்டு அம்மாவின் பீரோவில் பத்திரமாக இருக்கிறது.

மறுபடி பரீட்சையில் கேட்டால் இப்படி எழுதுவேன்: ஸ்டாண்ட் அலோன் கம்ப்யூட்டர் தன் வேலையைத் தானே முடித்துக்கொள்ளும், அதில் இருப்பதற்கு நகல் எடுத்து வைப்பது நம் வேலை. முழு மார்க் கிடைக்குமா தெரியாது. நீங்கள் ஒரே கம்ப்யூட்டரில் எதையாவது வைத்திருந்தால், இன்றைக்கே ஒரு நகல் எடுத்துவிடுங்கள்.