ஒலியும் உத்தரவாதமும்

உரிச்சொல்லை விளக்கப் புகுந்த தொல்காப்பியர், இசை, குறிப்பு, பண்பு என்னும் மூன்றையும் அதன் நிலைக்களன்களாகக் கொண்டார். காதுக்குப் புலனாகும் ஓசையும் சொல்லிலக்கணத்துள் இடம்பெற வேண்டிய பொருளே என்பது இதனாற் பெறப்படும். வகுப்பறையிலோ ‘கடகட’, ‘மடமட’, ‘கிலுகிலு’ என இரட்டைக்கிளவிக்கு உதாரணம் கூறி அடுத்த பாடத்துக்குச் சென்றுவிடுகின்றோம். இத்தகைய ஒலிச் சொற்களில் ஒரு குடும்பத்தின் சோறு தங்கியிருக்கக் கூடும் என்பதைத் தோப்பூரில் ஒரு வேனின் முன்சில்லு எமக்கு விளக்கிற்று.

தோப்பூரிலிருந்து மூதூர்ப் பக்கத்துப் பாடசாலைகளுக்குச் செல்லும் ஆசிரியர் எண்மரை நாள்தோறும் ஏற்றியிறக்குபவர் ஒரு வேன்காரர். எம்மிலும் மூத்தவர், எமக்கெல்லாம் அவர் ‘காக்கா’. 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும்வரை இப்பகுதியிலிருந்து தரைவழியே திருகோணமலை செல்வோர் ‘பாதை’யில் ஏறித் துறை கடக்க வேண்டியிருந்தது. அக்காலந்தொட்டு வண்டி ஓட்டுபவர் அவர். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் திறந்துவிடப்பட்டது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் பழைய வண்டிகளின் விலை மலையேறியது. 2022 இல் எரிபொருள் வரிசையில் நாட்கள் கழிந்தன. அவருடைய பழைய வேனும் உழைத்து ஓய்ந்தது. கதவு திறந்ததும் லீசிங்கில் ஒரு புதிய சிறு வேனை எடுத்தார். வண்டி அவர் முற்றத்தில் நிற்கும்; பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளராக நிற்பது லீசிங் கொம்பனி. மாதத் தவணை தவறினால் முற்றத்தில் நிற்பதும் போய்விடும். அவருக்கிருந்த ஒரே ஆறுதல், மூன்று ஆண்டு அல்லது ஒரு இலட்சம் கிலோமீற்றர், இரண்டில் எது முந்துகிறதோ அதுவரை செல்லும் என்ற உத்தரவாதப் புத்தகம்.

ஐந்தாம் மாதத்தில் முன்பக்க இடப்புறத்திலிருந்து ஓர் ஓசை எழுந்தது.

கடைத்தெருக் கராஜ்காரரிடம் முதலிற் சென்றோம். அவர் ஆயுதம் எதனையும் எடுக்கவில்லை, கேள்விகளையே எடுத்தார். “எப்பிடிச் சத்தம் காக்கா? டொக் எண்டு ஒண்டா, கடகட எண்டு தொடர்ந்தா, கிலுகிலு எண்டா?” ‘டொக்’ என்று ஒற்றையாய் வருவதாகச் சொன்னோம். “பிரேக்கில காலை வச்சா நிக்குதா?” நிற்கவில்லை. நின்றிருந்தால் பிரேக் பகுதியைச் சந்தேகித்திருப்பார். “முழுக்க வெட்டித் திருப்பேக்க கிளிக் கிளிக் எண்டு வருதா?” இல்லை. வந்திருந்தால் சில்லுக்குச் சுழற்சியைக் கொண்டு செல்லும் அச்சின் மூட்டைப் பார்த்திருப்பார். இறுதியாக ஒன்று கேட்டார்: “ரெண்டு சில்லும் ஒண்டா மேட்டில ஏறினா வருதா, ஒரு சில்லு மட்டும் கல்லில ஏறினா வருதா?”

இந்தக் கேள்வியிலேதான் விடை இருந்தது. முன்சில்லுகள் இரண்டையும் குறுக்கே தொடுக்கும் உருக்குத் தண்டொன்று உண்டு; திருப்பங்களில் வண்டி ஒருபுறம் சாயாது காப்பது அது. இரு சில்லும் ஒருங்கே உயரும்போது அத்தண்டு முறுக்குறாது சும்மா சுழலும். ஒன்று உயர மற்றது தாழ நின்றால்தான் முறுக்கேறித் தன் இரு முனைகளையும் இழுக்கும். அம்முனைகளைச் சில்லின் பக்கத்தோடு பிணைக்கும் சிறு கோலின் மூட்டுத் தளர்ந்திருப்பின், அந்நேரமே ‘டொக்’ என அடிக்கும். வீதியின் வேகத்தடையில் இரு சில்லையும் நேராக ஏற்றினோம், ஓசையில்லை. இடச்சில்லை மாத்திரம் ஒரு கல்லில் ஏற்றினோம்; அடித்தது. “ஸ்டபிலைசர் லிங்” என்றார் அவர். பாடசாலையை இடைநடுவில் விட்டவர் அவர். ஆயினும் ஐயத்துக்கிடமானவற்றை ஒவ்வொன்றாய் விலக்கி உண்மையை எஞ்சவிடும் அந்த முறை, விஞ்ஞான பாடம் கற்பிக்க விரும்பும் முறையன்றி வேறென்ன?

ஆனால் அவர் சாவியைத் தொடவில்லை. “நான் கைவச்சா கொம்பனிக்காரன் வொறன்டி இல்லெண்டுவான் காக்கா. அங்கயே கொண்டு போங்க.” நோயறிந்தவனுக்கு மருந்து கொடுக்க உரிமையில்லை. உரிமை உடையவன் நூறு கிலோமீற்றருக்கு அப்பால் இருந்தான்.

அந்த முகவர் நிலையத்தில் வண்டியோடு கணினியை இணைத்தார்கள். பிழைக் குறியீடு எதுவும் இல்லை என்றது கணினி. எப்படி இருக்கும்? அந்தக் கோலில் உணர்கருவி எதுவுமில்லை. தன்னிடம் சொல்லப்படாததைக் கணினி எங்ஙனம் சொல்லும்? வண்டியை உயர்த்திப் பார்த்தார்கள். இரு சில்லும் ஒருபடித்தாய்த் தொங்குகையில் தண்டு முறுக்குறுவதில்லை. பின்னர் தேய்த்த பலகைபோன்ற தார் வீதியில் ஓட்டிப் பார்த்துத் தாளில் எழுதினார்கள்: ‘ஒலி இயல்பானது.’ இரண்டாம் முறை சென்றபோது அதே ஒலி, ‘வீதியின் நிலையால் ஏற்பட்ட தேய்மானம்’ ஆயிற்று. முதல் தடவை பழுதே இல்லை. இரண்டாம் தடவை பழுது உண்டு, பொறுப்பு இல்லை. இரண்டு பயணத்திலும் இரண்டு நாள் வருமானம் போயிற்று.

‘இயல்பானது’ என்னும் சொல் அந்த மேசையில் மாத்திரம் பிறந்ததன்று. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனம் இயந்திரத் திறவுவாயிற் பழுதோடு இருபத்தைந்து இலட்சத்துக்கு மேற்பட்ட கார்களை ஓடவிட்டு, ஆண்டுகள் பல கடந்து 2014 இல் அவற்றைத் திருப்பியழைத்தது. 124 மரணங்களுக்கு இழப்பீட்டு நிதியம் பொறுப்பேற்றது. அவ்வாண்டு அரசாங்கம் வெளியிட்ட ஆவணங்களில் 2008 ஆம் ஆண்டுப் பயிற்சிக் குறிப்பொன்றும் இருந்தது. அறிக்கை எழுதும் பொறியியலாளர் தவிர்க்க வேண்டிய 69 சொற்களும் தொடர்களும் அதிற் பட்டியலிடப்பட்டிருந்தன. ‘குறைபாடு’ என எழுதற்க. ‘வடிவமைப்பின்படி இயங்கவில்லை’ என எழுதுக என்பது அதன் உபதேசம். சொல்லைத் தன் வசம் வைத்திருப்பவன் பொறுப்பைத் தட்டிக்கழிக்கவும் வல்லவனாகின்றான். தோப்பூரின் தளர்ந்த கோல் உடனே உயிர் பறிப்பதன்று என்பது உண்மை. ஆயின் அதே இடத்திலுள்ள போல் ஜொயின்ற் தளர்ந்தாலும் ஏறத்தாழ இதே ஓசைதான் வரும். அது கழன்றால் சில்லே மடிந்துவிடும். கேட்ட ஓசை எதனுடையது என்று பாராமல் ‘இயல்பு’ என்று எழுதுவது, எட்டு ஆசிரியரையும் ஓட்டுநரையும் அறியாமையில் ஏற்றி அனுப்புவதாகும்.

அதன் பின்னர் உத்தரவாதப் புத்தகத்தை வாங்கி இரவிரவாய் வாசித்தோம். தமிழும் சிங்களமும் பேசும் நாட்டில் விற்ற பொருளுக்கு ஆங்கிலத்தில் மாத்திரம், எறும்பு எழுத்தில் அச்சிட்ட ஒப்பந்தம். காக்கா கையெழுத்திட்டது இதில்தான். தேய்மானப் பொருட்களின் பட்டியல் அதிலிருந்தது: பிரேக் கட்டைகள், கிளச் தட்டு, துடைப்பான், மின்குமிழ். அந்தக் கோல் பட்டியலில் இல்லை! மேசையில் இருந்தவர் சொன்ன நியாயம் அவருடைய சொந்தப் புத்தகத்திலேயே இல்லாத நியாயம்.

காக்காவின் பெயரில் ஒரு கடிதம் எழுதினோம். தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று. இகழ்ச்சியும் கெஞ்சலும் இல்லாமல் எழுதினோம். திகதி, ஓடிய கிலோமீற்றர், முன்னிரு வருகைகள், ஓசையின் இயல்பு: ‘பத்து முதல் இருபது கிலோமீற்றர் வேகத்தில், இடச்சில்லு மாத்திரம் உயரும்போது ஒற்றை ஒலி, இரு சில்லும் ஒருங்கே உயர்ந்தால் இல்லை, பிரேக்கினால் மாறுவதில்லை.’ இவ்வாசகத்தை அவ்வாறே ஜொப் காட்டில் பதிக்குமாறும், தொழினுட்பவியலாளர் எம்மோடு வண்டியில் ஏறுமாறும், மறுப்பதாயின் எந்தப் பிரிவின்படி என எழுத்தில் தருமாறும் கேட்டோம். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தையும் குறிப்பிட்டோம். அச்சட்டத்தின்படி முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும். பொருள் விற்ற அல்லது சேவை வழங்கிய மூன்று மாதத்துள் செய்யப்பட வேண்டும். ஐந்து மாதத்துக்கு முன் வாங்கிய வண்டிக்கு அவ்வாயில் அடைபட்டிருந்தது. ஆனால் ‘இயல்பானது’ என்று எழுதித் தந்த சேவைக்கு நாட்கள் மீதமிருந்தன.

மூன்றாம் பயணத்தில் ஓர் இளைஞர் எம்மோடு ஏறினார். நிலையத்து வாயிலிலிருந்த கானின் மூடியிலேயே இடச்சில்லை ஏற்றினார் காக்கா. ‘டொக்.’ இளைஞர் சிரித்தார். “லிங் தான். அண்டைக்கே நினைச்சன்,” என்றார் மெதுவாக. அவரை நோவதில் பயனில்லை. உத்தரவாத வேலை ஒவ்வொன்றுக்கும் இத்தனை நிமிடம் என உற்பத்தி நிறுவனங்கள் அட்டவணை வகுத்துப் பணம் கொடுக்கும் முறை உலகெங்கும் உண்டு. கோலை மாற்றும் நிமிடத்துக்கு விலையுண்டு. காதுகொடுத்துக் கேட்கும் நிமிடத்துக்கு விலை அரிது. கேட்கத் தெரிந்த தொழிலாளியைக் கேளாதவனாக்குவது அந்த அட்டவணைதான். முழங்கை நீளமும் இல்லாத அக்கோலை ஒரு மணி நேரத்துக்குள் மாற்றிவிட்டார்.

கோலுக்கு விலை கேட்கவில்லை. மூன்று நாள் கூலிக்கும், அலைந்த எரிபொருளுக்கும் விலை கொடுக்கவுமில்லை. அம்மாதத் தவணையை லீசிங் கொம்பனி ஒரு நாளும் பொறுக்கவில்லை. ஆகவே இதனை வெற்றி என்று கொண்டாட நாம் விரும்பவில்லை. அமெரிக்காவில் 1975 ஆம் ஆண்டுச் சட்டம், குறித்த நிறுவனத்தின் பாகத்தையே பாவித்தால்தான் உத்தரவாதம் செல்லும் என நிபந்தனையிடுவதைப் பொதுவாகத் தடுத்தது. கடைத்தெருக் கராஜ்காரரின் கை பட்டாலே உரிமை கெட்டுவிடும் என்ற அச்சம் இங்கும் நீங்க வேண்டும். மக்களின் மொழியில் இல்லாத உத்தரவாதத்தை உத்தரவாதம் என்று விற்பதும் நிற்க வேண்டும். இவை தனியொருவரின் கடிதத்தால் வருவனவல்ல. வேன்காரரும் முச்சக்கர வண்டிக்காரரும் சங்கமாகக் கேட்டால் வருவன.

எனினும் ஆசிரியராகிய நாம் நாளைக்கே செய்யக்கூடியது ஒன்றுண்டு. கடிதம் எழுதுதல் எமது பாடவிதானத்தில் இருக்கின்றது. சுற்றுலா சென்ற தோழனுக்கும், பரிசு தந்த மாமாவுக்கும் மாணவர் ஆண்டுதோறும் எழுதுகின்றனர். இம்முறை பத்தாந்தர மாணவரை அந்தக் கராஜுக்கு அழைத்துச் செல்ல எண்ணியுள்ளோம். ‘டொக்’குக்கும் ‘கடகட’வுக்கும் உள்ள வேறுபாட்டை அவர் கற்பிக்கட்டும். கேட்டதைத் திகதியிட்டு, மிகையின்றி, எவரும் மறுக்கவியலாதபடி எழுதுவதை நாம் கற்பிப்போம்.