ஓய்வு பெற்ற பின்னும் ஓர் அழைப்பு

எங்கள் பனமரத்துப்பட்டி ஏரி, சேலம் நகருக்குக் குடிநீர் வழங்கும் பொருட்டு 1911-ஆம் ஆண்டில் கட்டப்பட்டது. பல்லாண்டு காலம் நகரத்தின் தாகம் தீர்த்த ஏரி அது. பின்னர் மேட்டூரிலிருந்து காவிரி நீர் குழாய் வழியே வந்தது. ஏரியை நாடுவார் இல்லாது போயினர். நீர் நின்ற இடத்தில் சீமைக்கருவேலம் மண்டியது. உழைத்து ஓய்ந்த முதியோரை உலகம் நடத்தும் விதமும் ஏறக்குறைய இதுவே. அறுபது வயது நிறைந்ததும் மாலையும் பொன்னாடையும் போர்த்தி வீட்டுக்கு அனுப்பி வைக்கிறார்கள். அதன்பின், "இனி உங்களுக்கென்ன, பேரன் பேத்தியைக் கொஞ்சிக்கொண்டு இருக்க வேண்டியதுதானே" என்கிறார்கள்.

அப்படிச் சொல்வோர் அன்பினால்தான் சொல்கிறார்கள். ஆயினும் திருமுழுக்குப் பெற்றவனுக்கு ஆண்டவர் விடுத்த அழைப்பில் ஓய்வு வயது என்று ஒன்று குறிக்கப்பட்டிருக்கிறதா? ஆசிரியப் பணியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, இன்று முதுமையின் படியில் நிற்கும் கணவன் மனைவியராகிய எங்களுக்கு, இக்கேள்வி சென்ற சில ஆண்டுகளாக உறக்கத்தைக் கெடுத்த கேள்வி.

மறைபரப்புப் பணி என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுபவர் அங்கி தரித்த குருவானவர். அல்லது முக்காடிட்ட கன்னியர். நம் சேலம் மண்ணுக்கு அது இயல்பே. சேசு சபைத் துறவியாகிய தத்துவ போதகர் இராபர்ட் தெ நொபிலி 1623-ஆம் ஆண்டில் மதுரையிலிருந்து புறப்பட்டுச் சேந்தமங்கலத்திற்கும் சேலத்திற்கும் வந்து மறையுரைத்தார். 1930-ல் சேலம் தனி மறைமாவட்டமானபோது அதன் முதல் ஆயராக அமர்ந்தவரும் கடல் கடந்து வந்த பிரெஞ்சு நாட்டுத் துறவியரில் ஒருவரான பிரூனியே ஆண்டகைதான். ஆனால் திருச்சபையின் தொடக்கத்தைப் பாருங்கள். உரோமையிலிருந்து துரத்தப்பட்டு, கூடாரம் கட்டும் தொழிலால் பிழைத்து, கொரிந்து நகரில் புனித சின்னப்பருக்குத் தங்க இடமும் தொழிலில் பங்கும் கொடுத்தவர்கள் அக்கிலா, பிரிஸ்கில்லா என்னும் தம்பதியர். எபேசு நகரில் அப்பொல்லோ என்னும் நாவன்மை மிக்க அறிஞரைத் தனியே அழைத்து, ஆண்டவரின் வழியை இன்னும் தெளிவாய் விளக்கியவர்களும் அவ்விருவரே. அவர்களுடைய வீடே ஆலயமாய் இருந்தது. ஆகவே அடுப்பும் கட்டிலும் உள்ள இல்லமும் மறைபரப்பு நிலையமாகலாம் என்பது புதிய கருத்தன்று. இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் 1965-ல் பொதுநிலையினரின் பணியைப் பற்றித் தனி ஏடு வெளியிட்டு, அப்பழைய உண்மையையே நமக்கு நினைவூட்டியது.

இதற்கு எடுத்துக்காட்டுத் தேடி நாங்கள் வெகுதூரம் போகவில்லை. பனமரத்துப்பட்டியிலிருந்து மல்லூர், இராசிபுரம், பேளுக்குறிச்சி, காளப்பநாயக்கன்பட்டி வழியே சென்றால் காரவள்ளி வரும். அங்கிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் கொல்லிமலை. அந்த மலையில் ஓர் ஆங்கிலேயத் தம்பதியர் வாழ்ந்த வாழ்வே நாங்கள் கூற விரும்புவது. ஜெஸ்ஸி பிராண்டும் அவர் மனைவி ஈவ்லினும் நம் திருச்சபையைச் சேர்ந்தவர்கள் அல்லர், பாப்டிஸ்ட் சபையினர். ஆனால் பிரிந்த சகோதரரிடத்தில் விளங்கும் நன்மைகளை மகிழ்ந்து ஏற்குமாறு 1964-லேயே பொதுச்சங்கம் நம்மைக் கேட்டுக்கொண்டது. அயல்வீட்டில் விளக்கெரிந்தால் நம் வாசலுக்கும் வெளிச்சம்தானே!

ஜெஸ்ஸி கட்டடத் தொழில் அறிந்தவர். இலண்டனில் ஓராண்டு மருத்துவப் பயிற்சியும் பெற்றவர். ஈவ்லின் இலண்டனில் வசதியான வணிகர் குடும்பத்தில் பிறந்தவர், ஓவியம் பயின்றவர். 1913-ல் இருவரும் மணமுடித்துக் கொல்லிமலை ஏறினர். அன்று சாலை ஏது? ஒற்றையடிப் பாதையும் டோலியுமே கதி. மலேரியாவுக்கு அஞ்சி வெளியூரார் இரவு தங்கத் துணியாத மலை. வாழவந்தி என்னும் ஊரில் தம் கையாலேயே மரவீடு அமைத்து அவர்கள் குடியேறினர். 1914-ல் மகன் பால் பிறந்தான். சில ஆண்டுகளில் மகள் கான்னி பிறந்தாள்.

அவர்களுடைய அன்றாடத்தை எண்ணிப் பார்க்கும்போது அதில் வீரச்செயல் எதையும் எங்களால் காண முடியவில்லை. விடிந்ததும் வாசலில் நோயாளிகள். புண்ணைக் கழுவுதல், பல் பிடுங்குதல், காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தல். பின்னர் தச்சு வேலை, தோட்ட வேலை, பிள்ளைகளுக்குப் பாடம். மாலையில் ஊர் ஊராய் நடந்து சென்று மக்களோடு உட்கார்ந்து பேசுதல். மறுநாளும் அதுவே.

அக்காலத்தில் அம்மலையை வாட்டிய நோய்களுள் ஒன்று நரம்புச் சிலந்தி. இளைய தலைமுறைக்கு அப்பெயரே தெரியாது. கால் நனைய இறங்கி நீர் மொள்ளும் படிக்கிணறுகளில், நோயாளியின் புண்ணிலிருந்து புழுவின் குஞ்சுகள் நீரில் கலக்கும். கண்ணுக்கு எளிதில் புலப்படாத நீர்ப்பூச்சிகள் அவற்றை விழுங்கும். அந்நீரைக் குடித்தவர் உடலில் ஏறத்தாழ ஓராண்டு வளர்ந்து, ஒரு முழத்திற்கும் மேல் நீண்ட புழு காலில் கொப்புளம் கிளப்பி வெளிவரும். இழுத்தால் அறுந்துவிடும், அறுந்தால் சீழ் பிடிக்கும். ஒரு சிறு குச்சியில் சுற்றி, நாளொன்றுக்குச் சிறிது சிறிதாய், பொறுமையோடு வெளியேற்ற வேண்டும். பிராண்டு தம்பதியர் அவ்வாறே செய்தனர். ஆனால் அதோடு நிற்கவில்லை. கிணற்றைச் சுற்றிக் கல்சுவர் எழுப்பி, காலை நனைக்காமல் நீர் இறைக்கச் சொல்லிக் கொடுத்தார் ஜெஸ்ஸி. 2000-ஆம் ஆண்டில் இந்தியா நரம்புச் சிலந்தி அற்ற நாடென்று உலக நல நிறுவனம் சான்றளித்தது. அந்த வெற்றிக்குப் பின்னால் பெயர் தெரியாத எத்தனையோ கிணற்றுச் சுவர்கள் நிற்கின்றன.

இத்தனை செய்தும் அவர்கள் போதித்த மறையை ஏற்பார் பல ஆண்டுகள் எவரும் இல்லை. மலைமக்கள் மருந்தை வாங்கிக்கொண்டனர், அவ்வளவே. அவர்களை எதிர்த்து நின்ற பூசாரி ஒருவர் கொள்ளைக் காய்ச்சலில் வீழ்ந்தார். சுற்றத்தார் அஞ்சி அணுகாத நேரத்தில், பிராண்டு தம்பதியரே அருகிருந்து பேணினர். மரணத் தறுவாயில் அவர் தம் கைக்குழந்தையை அவர்களிடம் ஒப்படைத்தார். அந்தப் பெண் குழந்தையை ஈவ்லின் தம் மகளாய் வளர்த்தார். பிரசங்கத்தால் திறவாத கதவை ஒரு குழந்தையின் தொட்டில் திறந்தது.

இனி, எங்களைப் பெரிதும் வருத்திய பகுதிக்கு வருகிறோம். 1923-ல் விடுமுறைக்குத் தாய்நாடு சென்ற பெற்றோர், கல்விக்காகப் பிள்ளைகள் இருவரையும் இலண்டனில் உறவினர் வீட்டில் விட்டுவிட்டு மலைக்குத் திரும்பினர். பாலுக்கு அப்போது வயது ஒன்பது. அதன்பின் தந்தையை அவன் காணவே இல்லை. 1929 ஜூன் மாதத்தில், சிறுநீர் கறுத்துப்போகும் கொடிய காய்ச்சலால் ஜெஸ்ஸி இறந்தார். ஐம்பது வயதுகூட நிறையவில்லை. தந்திச் செய்தி முதலில் எட்டியது. ஆனால் தந்தை உயிரோடிருந்தபோது எழுதிய கடிதங்கள் கப்பலில் மெதுவாய் மிதந்து, இறப்புச் செய்திக்குப் பின்னரும் வாரக்கணக்கில் வந்துகொண்டே இருந்தனவாம். ஒவ்வொரு கடிதத்தையும் பிரித்த அந்தச் சிறுவனின் கைகளை எண்ணிப் பாருங்கள். ஊழியத்தின் விலையைப் பெற்றோர் மட்டும் செலுத்துவதில்லை, பிள்ளைகளும் செலுத்துகிறார்கள்.

எங்கள் மகன் கனடாவில் இருக்கிறான். இங்கே வீட்டைப் பூட்டிவிட்டு நிலையாகத் தன்னோடு வந்துவிடுமாறு அவன் அழைத்தான். அதே காலத்தில் எங்கள் பங்குத்தந்தை வேறொன்று கேட்டார். எங்கள் பக்கத்தில் அரளித் தோட்டங்கள் மிகுதி. மொட்டுப் பறிக்க விடியுமுன்னே தாய்மார் சென்றுவிடுகிறார்கள். பிள்ளைகள் தாமே எழுந்து, உண்டோ உண்ணாமலோ பள்ளிக்குப் போகிறார்கள். மாலையில் பாடம் சொல்லித் தர வீட்டில் ஆள் இல்லை. "நீங்கள் இருவரும் இப்பிள்ளைகளுக்கு மாலை வேளையில் துணையாய் இருக்கலாகாதா?" என்றார் அவர்.

எங்களுள் ஒருவருக்குப் பேரக் குழந்தையின் முகமே கண்ணில் நின்றது. மற்றவருக்கு இப்பிள்ளைகளை விட்டுப் போக மனமில்லை. இருவரும் சொன்னது நியாயமாகவே இருந்தது. பிராண்டு தம்பதியரின் கதையைப் படித்தபோது விடை கிடைக்கும் என்று எண்ணினோம். முதலில் கிடைத்தது கூடுதல் கலக்கமே. மகனைப் பிரிந்தது சரியா? அந்தப் பிரிவின் வேதனையை எந்தப் பணி ஈடு செய்யும்?

விடையின் ஒரு பகுதி ஈவ்லினின் பிற்கால வாழ்வில் கிடைத்தது. கணவரைப் புதைத்த மண்ணை அவர் கைவிடவில்லை. இங்கிலாந்து சென்று பிள்ளைகளைக் கண்டு, மீண்டும் இந்தியா வந்து உழைத்தார். 1947-ஐ ஒட்டி, எழுபதை நெருங்கிய அவரை, "வயதாகிவிட்டது, இனி வேண்டாம்" என்றனர் சபையார். இன்னும் ஓராண்டு தாருங்கள் என்று வேண்டிப் பெற்றவர், ஓய்வு பெற்றதும் தாமாகவே மலைக்குப் போய்விட்டார்! மட்டக்குதிரை ஏறி ஊர் ஊராய்ச் சென்றார். விழுந்து எலும்பு முறிந்தது, கால்கள் தளர்ந்தன, இரு மூங்கிற் கோல்களை ஊன்றி நடந்தார். கடைசி இருபது ஆண்டுகள் தம் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியே வைத்துக்கொள்ளவில்லை என்கிறார்கள். தம் முகத்தைப் பார்க்க அவருக்கு நேரமில்லை. பார்க்க வேண்டிய முகங்கள் வேறு பல இருந்தன. மலைமக்கள் அவரைப் பாட்டி என்றே அழைத்தனர். 1974 டிசம்பர் 18-ஆம் நாள், தொண்ணூற்றைந்தாம் வயதில் அவர் இறந்தார். கணவரின் கல்லறை அருகே அடக்கம் செய்யப்பட்டார்.

மகன் பால்? தந்தையைப் பறித்த நாட்டை அவர் வெறுத்திருக்கலாம். மாறாக, மருத்துவராகி 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயால் மடங்கிப்போன கைகளை அறுவை சிகிச்சையால் மீண்டும் விரியச் செய்து, உலகப் புகழ் பெற்றார். 2003-ல் மறைந்தார். பிள்ளைகளுக்குப் பெற்றோர் விட்டுச் செல்லும் சொத்து அருகிருந்து கொஞ்சியது மட்டுமன்று. எதற்காக வாழ்ந்தோம் என்பதும் அவர்களுக்குச் சொத்தே. அதற்காகப் பிரிவின் வலி பொய்யாகிவிடாது. இரண்டும் மெய்யே என்று ஏற்றுக்கொள்வதுதான் விசுவாசம் எனத் தோன்றுகிறது.

கொல்லிமலைக்கு நாங்கள் ஒருமுறை சென்று வந்தோம். திரும்பியபின் மகனுடன் தொலைபேசியில் பேசினோம். ஆண்டுக்கு ஒருமுறை கோடை விடுமுறையில் வந்து உங்களோடு தங்குவோம். மற்ற மாதங்களில் இங்கேயே இருப்போம் என்றோம். மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை. பின்பு, "சரி அப்பா. அம்மா மாத்திரையை மறக்காம சாப்பிடச் சொல்லுங்க" என்றான். அந்தச் சில நொடி மௌனம் எங்களுக்கு இன்றும் கனக்கிறது. அதை ஆண்டவரிடமே வைத்திருக்கிறோம்.

எங்கள் நாள் இப்போது மிகச் சாதாரணமானது. ஐந்து மணிக்கு எழுந்து செபமாலை. பின் அவரவர் இரத்த அழுத்த மாத்திரை, காப்பி. முற்பகலில் ஒருவர் முதியோர் உதவித்தொகை விண்ணப்பங்களை எழுதித் தருகிறார். மற்றவர் தனியே போக அஞ்சும் பெண்களுக்குத் துணையாக அரசு மருத்துவமனைக்குப் போகிறார். மாலை ஐந்தரைக்குத் திண்ணை நிறையப் பிள்ளைகள். இந்துக் குழந்தைகளே மிகுதி. எவரையும் எதற்கும் அழைக்கவில்லை. கூட்டல் கழித்தலும் தமிழ் வாசிப்பும் சொல்லித் தருகிறோம். நான்காம் வகுப்பு வந்தும் எழுத்துக் கூட்டத் தெரியாதிருந்த ஒரு சிறுமி, சென்ற மாதம் தாயின் மருந்துச் சீட்டைத் தானே வாசித்துக் காட்டினாள். கிணற்றுக்குச் சுவர் எழுப்புவது போன்ற வேலை இது. இன்று பலன் தெரியாது.

அன்பு வாசகர்களே! 2021-ல் திருத்தந்தை பிரான்சிஸ் தாத்தா பாட்டியருக்கும் முதியோருக்கும் என ஓர் உலக நாளை ஏற்படுத்தினார். ஜூலை மாத நான்காம் ஞாயிற்றில் அந்நாள் வருகிறது. அன்று நமக்கு வாழ்த்துச் சொல்லி இனிப்பு வழங்குவார்கள், நன்றியோடு பெற்றுக்கொள்வோம். அதன்பின் நம் பங்குத்தந்தையிடம் சென்று, "எங்களால் ஆகக்கூடியது என்ன?" என்று கேட்போம். கணக்கு எழுதத் தெரிந்தவருக்கும், கண்தெரியாதவருக்கு விவிலியம் வாசித்துக் காட்டக் கூடியவருக்கும், நோயாளியின் கட்டிலருகே அரைமணி நேரம் சும்மா உட்காரக் கூடியவருக்கும் ஒவ்வொரு பங்கிலும் இடம் உண்டு. கடல் கடக்க வேண்டுவதில்லை. வாசற்படியைக் கடந்தால் போதும். திராட்சைத் தோட்டத்திற்குப் பதினோராம் மணி வேளையில் வந்தவனையும் ஆண்டவர் வெறுங்கையோடு அனுப்பவில்லை. நமக்கு இன்னும் ஒரு மணி நேரம் மீதி இருக்கிறது.