நான் செய்த சோப்பு

சென்ற நவராத்திரியில் நம் சங்கத்து அன்பர் ஒருவர் இல்லத்துக் கொலுவுக்குப் போயிருந்தேன். வெற்றிலை பாக்கு, மஞ்சள், தேங்காய் ஆகியவற்றுடன் ஒரு சோப்புக் கட்டியும் வைத்துக் கொடுத்தார்கள். அந்த வீட்டு அம்மாள் தம் கையாலேயே செய்ததாம். மேலே சுற்றியிருந்த காகிதத்தில், "முற்றிலும் இயற்கையானது, இரசாயனம் அறவே இல்லாதது" என்று அழகாக அச்சிட்டிருந்தது. அதைப் படித்தபோது என் முகம் சற்றே மாறியிருக்க வேண்டும். "ஏன் மாமி, வாசனை பிடிக்கவில்லையா?" என்று அவர் கேட்டார். கூடத்தில் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். பாட்டு நடந்து கொண்டிருந்தது. வாசனை மிக நன்றாயிருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அன்று சொல்லாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன். நம் சகோதரிகளுள் பலர் இப்பொழுது வீட்டில் சோப்புச் செய்யத் தொடங்கியிருப்பதால் இது அவர்களுக்கும் பயன்படக் கூடும்.

நான் டில்லிக்கு வந்தது 1981-இல். கும்பகோணத்துப் பக்கத்திலிருந்து ராமகிருஷ்ணபுரத்துச் சர்க்கார் குடியிருப்புக்கு வந்தபோது, என் பெட்டியில் பட்டுப் புடைவைகளைவிடச் சீயக்காய்ப் பொடிதான் அதிக இடத்தை அடைத்துக் கொண்டிருந்தது. பச்சைப்பயறு, வெந்தயம், பூலாங்கிழங்கு, காய வைத்த எலுமிச்சைத் தோல் எல்லாம் சேர்த்து என் தாயார் அரைத்துக் கொடுத்தது. அது தீர்ந்தபின் என்ன செய்வது என்று கவலைப்பட்டேன். பழைய டில்லியில் காரி பாவோலிக் கடைத்தெருவுக்குப் போனபோதுதான் கவலை தீர்ந்தது. நம் பூந்திக்கொட்டை அங்கே 'ரீட்டா' என்ற பெயரில் மூட்டை மூட்டையாக இருந்தது. அருகிலேயே சீயக்காயும் நெல்லிமுள்ளியும் இருந்தன. இவையெல்லாம் இருக்கும்போது சோப்பு எதற்கு என்ற செருக்கு எனக்கு அந்நாளில் நிறைய உண்டு.

எங்கள் பக்கத்துக் குடியிருப்பில் ஒரு பஞ்சாபி மூதாட்டி இருந்தார். எல்லாரும் அவரைப் 'பீஜி' என்றே அழைப்போம். 1947-இல் லாயல்பூரை விட்டுக் கைக்குழந்தையுடன் டில்லிக்கு வந்து சேர்ந்தவர். என்னை 'மதராஸி மருமகள்' என்பார். குளிர்காலத்தில் ஒரு நாள் பின்கட்டில் அவர் ஒரு பெரிய இரும்புச் சட்டியை வைத்துக் கொண்டு எதையோ கிண்டிக் கொண்டிருந்தார். அல்வாவாக்கும் என்று எட்டிப் பார்த்தேன். துணி துவைக்கும் சோப்பு! பலகாரம் பொரித்து மிஞ்சிய எண்ணெய், காஸ்டிக் சோடா, சிறிது கடலை மாவு ஆகியவற்றைக் கொண்டு ஆண்டு முழுவதற்கும் வேண்டியதைச் செய்து அடுக்கிவிடுவார். காஸ்டிக் சோடாவின் பெயரைக் கேட்டு நான் இரண்டடி பின்னால் நகர்ந்தேன். "பயப்படு, அதில் தவறில்லை, ஆனால் அளந்து போடு" என்றார் பீஜி. அதன் முதற் பாதியை மட்டும் நான் நன்றாக நினைவில் வைத்துக் கொண்டேன். அதன் விளைவைத்தான் இனிச் சொல்லப் போகிறேன்.

என் கணவர் ஓய்வு பெற்றபின் துவாரகையில் ஓர் அடுக்ககத்துக்குக் குடிபெயர்ந்தோம். அங்கே ஆழ்துளைக் கிணற்று நீர், கடினமான நீர். வாளியின் உட்புறம் வெள்ளை வெள்ளையாகப் படியும். சுண்ணாம்புச் சத்து மிகுந்த நீரில் சோப்பு நுரைப்பதற்குமுன் திரிந்து, தயிர் போன்ற கசடாகத் தோலில் ஒட்டிக் கொள்ளும். என் பேத்திக்கு அப்போது மூன்று வயது. குளிர்காலம் வந்தால் குழந்தையின் கைகால்கள் மீன் செதிலைப் போல் வறண்டு போகும். கடைச் சோப்புகளை மாற்றி மாற்றிப் பார்த்து என் மருமகள் சலித்துவிட்டாள். வீட்டிலேயே நல்ல எண்ணெயில் சோப்புச் செய்து பார்த்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது அப்போதுதான்.

தோழி ஒருத்தி ஒரு தாளில் அளவு எழுதித் தந்தாள். தேங்காய் எண்ணெய் 1 கிலோ, காஸ்டிக் சோடா 174 கிராம், தண்ணீர் 350 கிராம். அவ்வளவே. அந்த அளவுப்படி செய்த முதற் சோப்பு, நான் சொல்லிக் கொள்ளக் கூடாது, மிக அருமையாக வந்தது. பால்போல் வெண்மை, கல்போல் உறுதி, எங்கள் கிணற்று நீரிலும் பொங்கி நுரைத்தது. தேங்காய் எண்ணெய்ச் சோப்பு உப்பு நீரிலும் நுரைக்கும் இயல்புடையது. ஆனால் அதற்கு ஒரு குறையும் உண்டு. அழுக்கை எடுக்கும் வேகத்தில் தோலின் எண்ணெய்ப் பசையையும் உடன் எடுத்துக் கொண்டு போய்விடும். குழந்தையின் தோல் முன்னைவிட வறண்டது.

இங்கேதான் நான் என் அறிவைக் காட்டினேன். தேங்காய் எண்ணெயில் பாதியைக் குறைத்து அதற்குப் பதில் செக்கு நல்லெண்ணெய் சேர்த்தால் தோலுக்கு இதமாயிருக்கும் அன்றோ? அந்த எண்ணத்தில் பிழையில்லை. எண்ணெயை மாற்றினேன், காரத்தை மாற்றவில்லை. எண்ணெய் எதுவானால் என்ன, மொத்தம் 1 கிலோதானே என்று இருந்துவிட்டேன். வெட்டிவேர்ப் பொடி தூவி, அழகாகத் துண்டு போட்டு, நான்கு வாரம் பொறுமையாகக் காயவும் வைத்தேன். அது 2017-ஆம் ஆண்டு நவராத்திரி. கொலுவுக்கு வந்த பதினான்கு வீட்டாருக்கும் ஆளுக்கொரு கட்டி தாம்பூலத்தோடு கொடுத்தேன். காகிதத்தில் நானும் எழுதியிருந்தேன்: "இரசாயனம் இல்லாதது."

விஜயதசமியன்று காலை பேத்தியை அதே சோப்பால் குளிப்பாட்டினேன். "எரியுது பாட்டி, எரியுது" என்று குழந்தை அலறினாள். கழுத்தும் முழங்கை மடிப்பும் சிவந்துவிட்டன. மருமகள் ஓடி வந்தாள். என்னை ஒரு சொல்லும் சொல்லாமல், குழந்தையைக் குழாயடியில் நிறுத்தி வெகு நேரம் தண்ணீர் விட்டுக் கழுவினாள். பிறகு மருத்துவரிடம் போனோம். என்ன சோப்புப் போட்டீர்கள் என்று அவர் கேட்டார். "புது சோப்பு, டாக்டர்" என்றாள் அவள். யார் செய்தது என்று சொல்லவில்லை. நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன், நானும் சொல்லவில்லை. குழந்தைக்கு ஒரு வாரத்தில் முற்றும் குணமாயிற்று.

அன்று மாலை ஒரு துணிப்பையை எடுத்துக் கொண்டு பதினான்கு வீடுகளுக்கும் போனேன். கொடுத்த தாம்பூலத்தைத் திருப்பிக் கேட்பது எத்தகைய காரியம் என்பதை நம் வீட்டுப் பெண்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பதினோரு வீடுகளில் கட்டி பிரிக்கப்படாமல் இருந்தது. இரண்டு வீடுகளில் பயன்படுத்தத் தொடங்கியிருந்தார்கள். ஒருவர் அரிப்பு எடுத்ததாகச் சொன்னார். பதினான்காவது வீட்டில் அதைப் பணிப்பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார்களாம். அவளைத் தேடி அவள் குடியிருப்புக்குப் போனபோது இருட்டிவிட்டது. அந்தப் பெண் சிரித்த முகத்துடன் வரவேற்று, "நல்ல காட்டமான சோப்பு, அம்மா, எண்ணெய்ப் பாத்திரமெல்லாம் பளிச்சென்று ஆகிவிட்டது" என்றாள். விளக்கடியில் அவள் விரல்களைப் பார்த்தேன். நுனிகள் வெந்தாற்போலத் தோலுரிந்திருந்தன. சோப்பு என்றால் அப்படித்தான் இருக்கும் என்று அவள் நினைத்திருக்கிறாள்.

எங்கே தவறினேன் என்பதை எனக்கு விளங்க வைத்தவர் எங்கள் அடுக்ககத்தில் வசித்த ஒரு வங்காளி ஆசிரியர். கல்லூரியில் இரசாயனம் கற்பித்து ஓய்வு பெற்றவர். என் தாளைப் பார்த்துவிட்டுப் பென்சிலால் நான்கே வரிகளில் கணக்கைப் போட்டார். 1 கிலோ தேங்காய் எண்ணெய் முழுவதும் சோப்பாக மாறுவதற்கு ஏறத்தாழ 183 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். நல்லெண்ணெய்க்கு 134 கிராம் போதும், வேப்பெண்ணெய்க்கு 139, ஆமணக்கெண்ணெய்க்கு 128. பாதித் தேங்காய் எண்ணெயும் பாதி நல்லெண்ணெயும் கலந்தால் 159 கிராமுக்குமேல் ஏற்காது. நான் இட்டதோ 174. மிஞ்சிய 15 கிராமும் உண்ண எண்ணெயின்றிச் சோப்புக்குள்ளேயே தங்கி, குழந்தையின் தோலைத் தேடி வந்திருக்கிறது. நான்கு வாரமன்று, நான்கு மாதம் காய வைத்திருந்தாலும் அதை நம்பியிருக்க முடியாது என்றார் அவர். காய வைப்பது நீர் வற்றிக் கட்டி உறுதிப்படுவதற்கே. கணக்குப் பிழையைத் திருத்துவதற்கன்று.

எண்ணெய்க்குள் கொழுப்பமிலமும் கிளிசரினும் கட்டுண்டு கிடக்கின்றன. காரம் அந்தக் கட்டை அவிழ்த்து அமிலத்தோடு தான் சேர்ந்து கொள்கிறது. அந்தச் சேர்க்கைதான் சோப்பு. கொழுப்புகளின் இந்த அமைப்பை ஆராய்ந்து 1823-இல் நூலாக வெளியிட்டவர் ஷெவ்ரல் என்ற பிரெஞ்சு அறிஞர். அந்த மனிதர் 102 வயது வரை வாழ்ந்தாராம். அதற்கும் சோப்புக்கும் தொடர்பு உண்டா என்று நான் ஆசிரியரைக் கேட்கவில்லை. அளவு சரியாயிருந்தால் காஸ்டிக் சோடா முழுவதும் செலவாகிவிடும். கட்டியில் அது இராது. ஆனால் அதில்லாமல் எண்ணெயிலிருந்து கட்டிச் சோப்பு வராது. கடையில் வாங்கும் ஆயத்தச் சோப்புக் கட்டியை உருக்கி ஊற்றுகிறவர்களுக்காக, அந்தக் காரத்தை வேறொருவர் முன்பே சேர்த்துவிட்டார், வேறுபாடு அவ்வளவே. "இரசாயனம் இல்லாதது" என்று நாம் அச்சிடுவது இதனால்தான் பொருந்தாது. காரமே வேண்டாம் என்பவர்கள் சீயக்காய்க்கும் பூந்திக்கொட்டைக்கும் பயத்த மாவுக்கும் திரும்பிப் போவதே வழி.

நல்ல சோப்பிலும் ஓரளவு காரத்தன்மை இருந்தே தீரும். இதை ஆசிரியர் சொல்லுமுன்பே நாம் அறிந்திருக்க வேண்டும். ஆரத்திக்கு மஞ்சள் நீரில் சுண்ணாம்பு கரைத்தால் சிவக்கிறது அல்லவா? வேட்டியில் பட்ட சாம்பார்க் கறை சோப்புத் தேய்த்தவுடன் குங்குமம்போல் சிவப்பதும் அதே காரணத்தால்தான். சோப்பில் மஞ்சள் கலந்தவர்கள் பொன்னிறத்தை எதிர்பார்த்துச் செங்கல் நிறத்தைக் கண்டு திகைப்பதும் அதனாலேயே.

இப்போது நான் செய்யும் அளவைச் சொல்கிறேன். தேங்காய் எண்ணெய் 450 கிராம், நல்லெண்ணெய் 450 கிராம், ஆமணக்கெண்ணெய் 100 கிராம். இதற்குக் கணக்குப்படி 155 கிராம் காரம் ஆகும். நூற்றுக்கு ஐந்து பங்கு குறைத்து 147 கிராம் இடுகிறேன். சிறிது எண்ணெய் மிஞ்சட்டும், காரம் மிஞ்ச வேண்டாம். தண்ணீர் 300 கிராம். டம்ளரிலும் கரண்டியிலும் அளக்கலாகாது. எண்ணெய் உட்பட எல்லாவற்றையும் ஒரு கிராம் வரை காட்டும் தராசில் நிறுக்க வேண்டும். ஓர் எண்ணெயை மாற்றினாலும் கணக்கை மறுபடி போட வேண்டும்.

சன்னலைத் திறந்து வைத்து, கையுறையும் கண்ணாடியும் அணிந்து, காரத்தைத் தண்ணீரில் சிறிது சிறிதாகப் போட வேண்டும். காரத்தின்மேல் தண்ணீரை ஊற்றினால் பொங்கித் தெறிக்கும். அடுப்பில்லாமலே அந்த நீர் கொதிநீர்போல் சுடும். அதன் ஆவியை முகர வேண்டாம். எவர்சில்வர்ப் பாத்திரம் ஏற்றது. அலுமினியம் கூடவே கூடாது. காரம் அதை அரித்து நுரைத்து எரியக்கூடிய வாயுவைக் கிளப்பும். குழந்தைகள் வீட்டில் இருக்கும் நேரத்தில் நான் இந்த வேலையைத் தொடுவதில்லை. மேலே தெறித்தால் ஓடும் நீரில் நெடுநேரம் கழுவுவதே முதல் வைத்தியம். கண்ணில் பட்டால் கழுவியபின் தாமதமின்றி மருத்துவரிடம் போக வேண்டும்.

டில்லிக் குளிரில் தேங்காய் எண்ணெய் உறைந்திருக்கும். இளஞ்சூட்டில் உருக்கிக் கொள்ளலாம். எண்ணெயும் கார நீரும் ஏறக்குறைய 40 பாகைக்கு ஆறியபின் ஒன்றாக்கி, இதற்கென்றே ஒதுக்கிய மத்தால் கடைகிறேன். மின்சாரக் கடைகோல் விரைவாக முடித்துவிடும். எனக்கு மத்துத்தான் பழக்கம். தோசை மாவுப் பதம் வந்து, மேலே இழுத்த கோடு மறையாமல் நின்றால், காகிதம் விரித்த மரப் பெட்டியில் ஊற்றிக் கம்பளியால் மூடிவிடலாம். இரண்டு நாளில் துண்டு போட்டு, காற்றாடும் நிழலில் ஆறு வாரம் வைக்க வேண்டும். ஆடி, ஆவணி மழைக்காலத்தில் சோப்பு வியர்க்கும். அதற்கு அஞ்ச வேண்டாம். செலவைப் பார்த்தால் கடைச் சோப்பே மலிவு என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

சங்கத்தின் பொங்கல் சந்தையில் விற்கலாமே என்று சிலர் கேட்டார்கள். நான் மறுத்துவிட்டேன். அழகுப் பொருள்களைப் பற்றிய 1940-ஆம் ஆண்டுச் சட்டத்தில் சோப்புக்கு முதலில் விலக்கு இருந்தது. 1982-இல் வந்த திருத்தம் அதை நீக்கிவிட்டது. விற்பனைக்குச் செய்கிறவர்கள் உரிமம் பெற வேண்டும்.

விஜயதசமிக்குப் பிறகு ஓராண்டுக்குமேல் எங்கள் குளியலறையில் கடைச் சோப்புத்தான் இருந்தது. மருமகள் அதைப் பற்றிப் பேசவில்லை. பேசியிருந்தால் எனக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும். 2019-ஆம் ஆண்டு மார்கழியில் ஒரு நாள் அலுவலகத்திலிருந்து திரும்பியவள் ஒரு சிறு பெட்டியை மேசைமேல் வைத்தாள். உள்ளே புதிய தராசு. "அத்தை, நான் நிறுத்துத் தருகிறேன், நீங்கள் கடையுங்கள்" என்றாள். அன்று முதல் எடைக் கணக்கு அவளுடையது. செய்த சோப்பை முதலில் நான் என் முழங்கை உட்புறத்தில் மூன்று நாள் தேய்த்துப் பார்ப்பேன், பிறகுதான் மற்றவர்களுக்கு.

கொலு வீட்டு அம்மாள் கொடுத்த சோப்பையும் அவ்வாறே பார்த்தேன். எரிச்சல் இல்லை; நுரையும் நன்றாக வருகிறது; நல்ல சோப்புத்தான். அடுத்த நவராத்திரிக்குக் காகிதத்தை மட்டும் மாற்றி அச்சிடட்டும். எந்த எண்ணெய் எத்தனை கிராம், காரம் எவ்வளவு, ஊற்றிய தேதி என்ன என்ற மூன்று விவரங்களுக்கு அதில் இடம் போதும்.