ஜாங்கிரி கணக்கு

போன வாரம் ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் கம்மியா இருந்த ஒரு மத்தியானம், ஒஹாயோவுல இருக்கற நண்பர் ஒருத்தர் போன் பண்ணாரு. "பையன் ஃபெரட் வேணும்னு ஒரே அடம். நீங்கதான் வளர்த்தீங்களே, எவ்ளோ ஆகும்?"னு கேட்டாரு. "எழுதி அனுப்பறேன்"னு சொல்லிட்டு வெச்சேன். மெயில்னு ஆரம்பிச்சது, நீண்டுகிட்டே போய் பதிவாயிடுச்சு. அதனால நீங்களும் மாட்டினீங்க :-)

ஃபெரட்னா என்னன்னு கேக்கறவங்களுக்கு: பாக்கறதுக்கு நம்மூர் கீரிப்பிள்ளை மாதிரியே இருக்கும். ஆனா ரெண்டுக்கும் சொந்தம் கிடையாது. இது நீர்நாய், வீசல் குடும்பத்துல வர்றது. ஐரோப்பாவுல போல்கேட்னு ஒரு காட்டு விலங்கு இருக்கு, அதைப் பழக்கி வீட்டு விலங்கா ஆக்கினதுதான் ஃபெரட். முயல் வளைக்குள்ள விட்டு முயலை வெளிய விரட்டறதுக்காக வளர்த்தாங்க. லத்தீன்ல இதோட பேருக்கு மூலம் "திருடன்"ங்கற வார்த்தை. பேர் வெச்சவன் அனுபவப்பட்டிருக்கான். எங்க வீட்டு சோபாவுக்கு அடியில இருந்து ஒரு தடவை எடுத்தது: ஏழு சாக்ஸ், ரெண்டு டிவி ரிமோட், தங்கமணியோட ஒரு கம்மல், பாதி அழிரப்பர்.

இப்ப கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். 2018 டிசம்பர். நாங்க இருக்கறது மிச்சிகன்ல, டெட்ராய்ட் பக்கம். மீன் தொட்டிக்கு ஃபில்டர் வாங்கப் போன கடையில, கண்ணாடிப் பெட்டிக்குள்ள ஒரு துணித் தொட்டில்ல நாலஞ்சு குட்டி ஒண்ணு மேல ஒண்ணு படுத்துத் தூங்கிட்டு இருந்துது. அதுல ஒண்ணு வட்டமா சுருண்டு, மூக்கை வாலுக்குள்ள செருகிட்டு இருந்துது. பொண்ணுக்கு அப்ப ஒம்போது வயசு. "அப்பா, ஜாங்கிரி மாதிரி இருக்கு"ன்னா. பேர் வெச்சாச்சுன்னா அப்புறம் விட்டுட்டு வர முடியுமா? விலை 180 டாலர். ஃபில்டர் வாங்க மறந்துட்டோம்.

வேணாம்னு சொன்னது நான் ஒருத்தன்தான். "நாத்தம் அடிக்கும், கடிக்கும், யாரு பாத்துக்கறது?"ன்னேன். தங்கமணி, "ஏங்க, குழந்தை ஆசைப்படறா, பாத்துக்கலாம்"னாங்க. கடைசியில யாரு பாத்துக்கிட்டாங்கன்னு நான் சொல்லணுமா? அவ்வ்வ்வ்.

அன்னிக்கு ராத்திரி அம்மாவுக்கு வீடியோ கால். பாத்த உடனே, "ஏன்டா, கீரியைப் போய் வீட்டுக்குள்ள வெச்சிருக்கே? பாம்பு கீம்பு இருக்கா அங்க?"ன்னாங்க. கீரி இல்லம்மான்னு அஞ்சரை வருஷம் சொல்லிப் பாத்தேன். கடைசி வரைக்கும் அவங்களுக்கு அது கீரிதான்.

முதல் வாரத்துலயே புரிஞ்ச விஷயம், நாய் பூனை மாதிரி நினைச்சு வளர்க்கக் கூடாது. முழுக்க முழுக்க மாமிச ஜாதி. குடல் ரொம்பச் சின்னது, சாப்பிட்டது மூணு நாலு மணி நேரத்துல வெளிய வந்துடும். அதனால தட்டுல எப்பவும் சாப்பாடு இருக்கணும், அதுவும் மாமிசப் புரதம் நிறைய இருக்கறதா. நம்ம சைவ வீட்டுல கோழி ஈரல் வேகற வாசனைக்கு தங்கமணி ஆறு மாசம் ஊதுவத்தி ஏத்தினாங்க. பழம், பிஸ்கட், இனிப்பு கூடவே கூடாது.

ஒரு நாளைக்குப் பதினாலு மணி நேரத்துக்கு மேல தூங்கும். செத்துப் போச்சோன்னு பயந்து எழுப்பற அளவுக்குத் தூங்கும். ஆனா முழிச்சிருக்கற நேரத்துல கூண்டுல அடைச்சு வெச்சா பாவம். தினம் ரெண்டு மூணு மணி நேரமாவது வெளிய விட்டு, நாம பக்கத்துலயே இருக்கணும். சந்தோஷம் வந்தா முதுகை வில்லு மாதிரி வளைச்சுகிட்டு, பக்கவாட்டுல துள்ளித் துள்ளி, சுவத்துல முட்டிகிட்டு ஒரு ஆட்டம் ஆடும் பாருங்க! கூடவே "டுக் டுக் டுக்"னு கோழிக்குஞ்சு மாதிரி ஒரு சத்தம். ஆபீஸ்ல எவ்வளவு திட்டு வாங்கிட்டு வந்தாலும் அதைப் பாத்தா சிரிப்பு வந்துடும்.

ரப்பர், ஃபோம், செருப்பு, இயர்போன் முனை எதைப் பாத்தாலும் மெல்லும். முழுங்கினா குடல்ல அடைச்சுக்கும், ஆபரேஷன்தான். மேல சொன்ன பாதி அழிரப்பரோட மீதிப் பாதி எங்க போச்சுன்னு தெரியாம நாங்க ரெண்டு நாள் அதோட கக்காவைக் கிளறிப் பாத்த கதையெல்லாம் இங்க வேணாம் (கிடைச்சுது).

வெயில் ஆகவே ஆகாது. 27 டிகிரி செல்சியஸுக்கு மேல போனாலே ஆபத்து. 2021 ஆகஸ்ட்ல இங்க புயல் அடிச்சு மூணு நாள் கரண்ட் இல்லாதப்ப, ஃப்ரீசர்ல இருந்த ஐஸ் பாட்டிலை சாக்ஸ்ல சுத்தி அவன் பக்கத்துல வெச்சுட்டு, பேஸ்மெண்ட்ல நானும் அவனுமா படுத்திருந்தோம். மேல படுக்கையறையில புழுக்கத்துல குடும்பம்.

இன்னொண்ணு, நம்ம ஃப்ளூ அதுக்கும் ஒட்டும், அதோட ஃப்ளூ நமக்கும் ஒட்டும். 1933ல லண்டன்ல மனுஷ ஃப்ளூ வைரஸைக் கண்டுபிடிச்சதே ஃபெரட்டை வெச்சுத்தான். அதுல ஒரு ஃபெரட் தும்மி, வில்சன் ஸ்மித்ங்கற விஞ்ஞானிக்கே ஃப்ளூ வந்துது. கொரோனாவும் இதுக்கு ஒட்டும். 2022 ஜனவரியில எங்க மூணு பேருக்கும் கொரோனா வந்தப்ப, மாஸ்க் போட்டுகிட்டு ஃபெரட்டுக்குச் சாப்பாடு வெச்சது எங்க வீடுதான். எங்களுக்கு நாங்க மாஸ்க் போட்டுக்கல.

இதெல்லாம் ஜாலியான பகுதி. நண்பருக்கு நிஜமா சொல்ல வேண்டியது இதுக்கப்புறம்தான்.

2022 ஆகஸ்ட்ல ஜாங்கிரிக்கு வால் நுனியில முடி கொட்ட ஆரம்பிச்சுது. நாலு வயசு ஆகப் போகுது அப்ப. படிச்சுப் பாத்தேன். சீசன் மாறும்போது வால் முடி கொட்டி மறுபடி முளைக்கறதும் உண்டு, அட்ரினல் சுரப்பி நோயோட முதல் அறிகுறியாவும் இருக்கலாம்னு போட்டிருந்துது. இங்க ஃபெரட்டுக்கு ரொம்ப சாதாரணமா வர்ற நோய் அது. குட்டியிலேயே கருத்தடை ஆபரேஷன் பண்ணிடறதும் ஒரு காரணம்னு சொல்றாங்க. எனக்கு எதை நம்பணும்னு தோணிச்சோ அதை நம்பினேன். சீசன்தான். ஏன்னா சாதா நாய் டாக்டர்கிட்ட போக முடியாது, ஃபெரட் பாக்கற டாக்டர் நாப்பது மைல். உள்ள நுழைஞ்சாலே 90 டாலர். அந்த மாசம் கார் டயர் வேற மாத்தியிருந்தேன்.

பொண்ணு ரெண்டு தடவை கேட்டா, "அப்பா, டாக்டர்கிட்ட போகலாமா?" "அடுத்த வாரம் பாப்போம்டா"ன்னேன். இப்படியே அஞ்சு வாரம் ஓடிச்சு. முடி வால்ல இருந்து இடுப்பு வரைக்கும் போயாச்சு.

செப்டம்பர் கடைசியில ஒரு சனிக்கிழமை ராத்திரி. மணல் தட்டுல போய் முக்கிகிட்டு நிக்கறான். ஒண்ணும் வரல. திரும்பி வர்றான், மறுபடி போறான். சின்னதா முனகறான். ஆண் ஃபெரட்டுக்கு இந்த நோய் முத்தினா புராஸ்டேட் வீங்கி மூத்திரக் குழாயை அடைச்சிடும். அதுவும் நான் ஆகஸ்ட்லயே படிச்சதுதான். ஒரு மணி நேரம் கார் ஓட்டி எமர்ஜென்சிக்குப் போனோம். பின் சீட்ல பொண்ணு அவனைத் துண்டுல சுத்தி மடியில வெச்சிருந்தா. ஒரு வார்த்தை பேசல. என்னைத் திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்லைன்னு இருந்துது.

மயக்கம் குடுத்து ட்யூப் போட்டு ரெண்டு நாள் வெச்சிருந்தாங்க. பில் 1,460 டாலர். அப்புறம் ஹார்மோனைக் கட்டுப்படுத்த தோலுக்கடியில அரிசி மாதிரி ஒரு மருந்து வெச்சாங்க. அதுக்கு 310. ரெண்டே மாசத்துல முடி புசுபுசுன்னு முளைச்சுது. ஆகஸ்ட்லயே போயிருந்தா அந்த 310ஓட, மிஞ்சிப்போனா இன்னும் நூறு டாலரோட முடிஞ்சிருக்கும். 90 டாலர் மிச்சம் பிடிச்ச கதை இது.

அடுத்த வருஷம் செப்டம்பர். ஆடிகிட்டு இருந்தவன் திடீர்னு நின்னு வெறிச்சுப் பாத்தான். பின்னங்கால் ரெண்டும் இழுக்குது, வாயில ஜொள்ளு, முன்னங்காலால வாயைப் பிராண்டறான். இந்தத் தடவை நான் அடுத்த வாரம்னு சொல்லல. பொண்ணு ஓடிப் போய்த் தேன் பாட்டிலை எடுத்து ஈறுல தடவினா, அரை மணியில காருக்குள்ள இருந்தோம். ரத்தத்துல சர்க்கரை 48. ஃபெரட்டுக்கு 60க்குக் கீழ போனாலே கணையத்துல கட்டின்னு சந்தேகப்படுவாங்களாம். எங்க பரம்பரையில சுகர்னாலே ஏறித்தான் பழக்கம். வீட்டுலயே இவன் ஒருத்தனுக்குத்தான் இறங்கிச்சு.

டாக்டர் ரெண்டு வழி சொன்னாங்க. ஆபரேஷன்னா 2,200 டாலர். கட்டிங்க பொடிப் பொடியா நிறைய இருக்கும், எல்லாத்தையும் எடுக்க முடியாம போகலாம், எடுத்தாலும் திரும்பி வர வாய்ப்பு அதிகம். இல்லைன்னா ஸ்டீராய்டு சொட்டு மருந்து, நோய் போகாது, கொஞ்ச காலம் தள்ளும். கையில எஸ்டிமேட் பேப்பரை வெச்சுகிட்டு பார்க்கிங் லாட்ல உக்காந்திருந்தேன். அம்மாவுக்கு அடுத்த மாசம் ஊர்ல கண் ஆபரேஷன். அதுக்குப் பணம் அனுப்பணும். கணக்கு ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாக்கவே அசிங்கமா இருந்துது. ஆனா பாத்தேன்.

மருந்துன்னு முடிவு பண்ணினோம். அந்த வயசுல கத்தி வெச்சு அவனை இம்சை பண்ண வேணாம்னு எல்லாருகிட்டயும் சொன்னேன். அது பொய்யில்லை. ஆனா 2,200ன்னு எழுதியிருந்த இடத்துல 200ன்னு எழுதியிருந்தா என்ன முடிவு பண்ணியிருப்பேன்னு எனக்குத் தெரியும்.

அதுக்கப்புறம் ஒம்போது மாசம். காலையிலயும் ராத்திரியிலயும் மருந்து, நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை கோழிக்கஞ்சி. ராத்திரி பதினொண்ணுக்கு தங்கமணி, மூணு மணிக்கு நான். மூணு மணிக்கு எழுந்தவன் அப்படியே உக்காந்து அஞ்சரை மணி சென்னை காலையும் முடிச்சிடுவேன். விரல்ல கஞ்சியைத் தொட்டுக் காட்டினா, தூக்கக் கலக்கத்துல கண்ணை மூடிகிட்டே நக்குவான். கண் ஆபரேஷன் முடிஞ்ச அம்மா, போன் எடுத்தா "சாப்பிட்டியா"ன்னு என்னைக் கேக்கறதுக்கு முன்னாடி "கீரி சாப்பிட்டுதா?"ன்னு கேக்க ஆரம்பிச்சாங்க.

2024 ஜூன்ல ஒரு நாள் தேன் தடவியும் எழுந்திருக்கல. டாக்டர்கிட்ட பொண்ணும் உள்ள வந்தா. அஞ்சு வயசு எட்டு மாசம்.

இப்ப நண்பருக்கான கணக்கு (டாலர்ல):

ஜாங்கிரி, கூண்டு, தொட்டில், தட்டு: 460
சாப்பாடு, மணல் தட்டுக்குக் காகித உருண்டை, மாசம் 37 வீதம் 66 மாசம்: 2,442
வருஷா வருஷம் செக்கப், ரேபிஸ், டிஸ்டெம்பர் ஊசி: 850
2019ல ஊருக்குப் போனப்ப 28 நாள் தங்க வெச்சதுக்கு: 420
எமர்ஜென்சி: 1,460
ஹார்மோன் மருந்து ரெண்டு தடவை: 620
சர்க்கரைக்கு டெஸ்ட், மருந்து: 700
கடைசி நாள்: 240

மொத்தம் 7,192. கடையில ஒட்டியிருந்த 180, இதுல நாப்பதுல ஒரு பங்கு. சுண்டைக்கா கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்னு பெரியவங்க சும்மா சொல்லல.

வாங்கவே வாங்காதீங்கன்னு நான் சொல்லல நண்பரே. பக்கத்துல ஃபெரட் பாக்கற டாக்டர் இருக்காங்களான்னு முதல்ல பாருங்க. கடைக்குப் போறதுக்கு முன்னாடி 2,000 டாலரைத் தனியா எடுத்து வெச்சுட்டு, அது இல்லவே இல்லைன்னு நினைச்சுக்குங்க. மூணு வயசு தாண்டினா வாலையும் பின்னங்காலையும் தினம் பாருங்க. பையன் "டாக்டர்கிட்ட போகலாமா"ன்னு கேட்டா, அன்னிக்கே போங்க. அவனுக்கு டயர் விலை தெரியாது, அதனால அவன் கண்ணுக்கு முடி கொட்டறது மட்டும் சரியாத் தெரியும்.

கூண்டு எங்க பேஸ்மெண்ட்லதான் கழுவி வெச்சிருக்கேன். இவ்வளவும் படிச்சப்புறமும் வேணும்னா சொல்லுங்க, சும்மாவே தரேன். தொட்டில் மட்டும் கிடையாது. அது பொண்ணு ரூம்ல இருக்கு.

டிஸ்கி: கலிஃபோர்னியா, ஹவாய் மக்கள் ஆசைப்பட வேணாம், அங்க ஃபெரட் வளர்க்கத் தடை. நியூயார்க் நகரத்துலயும் அப்படித்தான், 2015ல தடையை எடுக்கப் பாத்து நடக்கல. தங்கமணியோட கம்மல் ஜோடியில இன்னொண்ணு இன்னும் கிடைக்கல. சோபாவை மாத்தறதா இல்ல.