முற்றுப்பெறாத விமானம்

நிகழ்ந்ததை மாத்திரமன்றி, நிகழ்ந்திருக்கக்கூடியதையும் உருவாக்கிப் பார்க்க விழைவது மனித இயல்பு. இரண்டாம் உலகப் போரின் இறுதிக் காலத்தில் ஜேர்மனியர் திட்டமிட்ட மெசர்ஷ்மிற் பி.1101 போர் விமானத்தை 1:72 என்னும் அளவில் மாதிரியாக அமைப்போன் இவ்வியல்புக்கு ஆட்பட்டவனே. 1945 ஏப்ரலில் அமெரிக்கப் படையினர் பவேரியாவின் ஒபரமர்கௌவிற் கண்டெடுத்தபோது அது முற்றுப்பெறாதிருந்தது, ஒருநாளும் பறந்ததில்லை. அதன் அமைப்பைத் தழுவிய பெல் எக்ஸ்-5 விமானமே 1951இல் அமெரிக்காவிற் பறந்தது.

பின்சாய்ந்த சிறகுகளை ஒட்டி, மூட்டுவாய்களை அரத்தாளால் தேய்த்து, இல்லாத படைப்பிரிவொன்றின் இலக்கத்தைத் தீட்டுங்கால், ஏறத்தாழ 11 சென்ரிமீற்றர் அகலத்துள் 1946 என்னும் கற்பனைப் போராண்டு உருப்பெறுகின்றது.

ஆயின், போர் நீடித்திருப்பின் விமானங்கள் மாத்திரம் பெருகியிரா. வியன்னாவுக்கு அண்மையிலுள்ள ஹின்ரர்புறூல் நிலக்கீழ்ச் சுரங்கத்தில், ஹைங்கல் 162 ஜெற் விமானத்தின் உடற்பகுதிகளை ஆக்குதற்கு மவுத்ஹவுசன் வதைமுகாமின் கைதிகள் அடிமைகளாக உழைப்பிக்கப்பட்டனர். பசையும் வண்ணமும் அவர்களைக் காட்டா. ஆதலின், ‘பறந்திருந்தால்?’ என வினவுவோன், ‘எவர் உழைப்பில்?’ எனவும் வினவுதல் வேண்டும். அவ்வினா எழும்போது, அவ்விமானம் முற்றுப்பெறாமற் போனமை மனிதகுலத்தின் நற்பேறென்பது விளங்கும்.